பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டீர்களா?



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை விட்டிருப்பார்கள். பாட்டி ஊருக்குப் போகிறவர்கள், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போகிறவர்கள், ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்புகிறவர்கள் என்று பாதித் தெரு காலியாகிவிடும் மாதம் இது. பெட்டி கட்டும் மும்முரத்துக்கு நடுவே ஒரு கால் மணி நேரம் ஒதுக்கி இந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். வீட்டையும் நம்மையும் பத்திரமாக வைத்துக்கொள்வது பற்றி உங்களோடு பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

வீடு புகுந்து திருடுகிறவனுக்கு வேண்டியவை இரண்டுதான். யாரும் பார்க்காத இடம் வேண்டும். பதறாமல் வேலை பார்க்க நேரம் வேண்டும். இரண்டில் ஒன்று கிடைக்காவிட்டாலும் பெரும்பாலும் வந்த வழியே திரும்பிவிடுவான். நல்ல பூட்டு அவனுடைய நேரத்தைத் தின்னும். அக்கம்பக்கத்தார் கண் அவனைத் தனியாக விடாது. பூட்டுக்கும் கேமராவுக்கும் யோசிக்காமல் பணம் போடுகிற நாம், ஊருக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்ல மட்டும் தயங்குகிறோம். என் ஆதங்கம் அதுதான்.

வீட்டில் ஆள் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள யாரும் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நம் ஊரில் வாசலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தெருவில் எல்லா வாசலிலும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருக்க, ஒரு வாசலில் மட்டும் பழைய கோலம் கலைந்து சருகு சேர்ந்து கிடக்கும். கேட்டில் செருகிய பேப்பர் எடுக்காமல் இருக்கும். கேட்டுக்கு வெளிப்பக்கம் பெரிய பூட்டாகத் தொங்கும். பட்டப்பகலிலும் போர்ட்டிகோ விளக்கு எரியும். நோட்டம் பார்க்க வருகிறவனுக்கு இவ்வளவு போதும். போதாததற்கு நாமே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏரியில் படகு விடுகிற படத்தைச் சுடச்சுடப் போட்டு, குடும்பமே வெளியூரில் இருப்பதை ஊருக்கு அறிவித்துவிடுகிறோம். படங்களைத் திரும்பி வந்தபிறகு போட்டுக்கொள்ளலாம்.

பால்காரரிடமும் பேப்பர்காரரிடமும் இத்தனை நாள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம், “காலையில உங்க வாசல் தெளிக்கும்போது எங்க வாசலுக்கும் கொஞ்சம் தண்ணி தெளிச்சு நாலு புள்ளி வெச்சுடுங்கக்கா” என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் தெருவில் எதிர்வரிசை வீட்டு அம்மா ஒருவர் விடுமுறைக் காலத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் வாசலுக்கெல்லாம் தானே கோலம் போட்டுவிடுவார். கோலமாவு டப்பாவோடு வரும்போதே பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார். மாடி டேங்க் வழிகிறதா, பக்கவாட்டு ஜன்னல் ஏதாவது திறந்து கிடக்கிறதா என்று ஒரு கண் ஓட்டுவார். அவர் மகள் வீட்டுக்குப் போகும் மாதத்தில் மற்றவர்கள் அவர் வாசலைப் பார்த்துக்கொள்வார்கள். இதை யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் இருந்ததால் தானாக அமைந்தது.

இரவில் எரிந்து காலையில் அணையும் விளக்கு ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும். இருட்டியதும் தானே எரியும் சென்சார் பல்பு இப்போது எல்லா எலக்ட்ரிக் கடையிலும் கிடைக்கிறது.

பூட்டு என்றால் நமக்குத் திண்டுக்கல். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது. உள்ளே லீவர்கள் கூடக்கூடக் கள்ளச்சாவி போட்டுத் திறப்பது கடினமாகிக்கொண்டே போகும். ஆனால் செய்திகளில் நாம் அடிக்கடி படிப்பது ‘கதவை நெம்பி’, ‘பூட்டை உடைத்து’ என்பதைத்தான். கடப்பாரையைக் கொடுத்து நெம்பும்போது பல வீடுகளில் முதலில் பெயர்ந்து வருவது பூட்டே அல்ல. அது மாட்டியிருக்கிற கொண்டியும் நாதாங்கியும்தான். எழுந்து போய் உங்கள் வாசற்கதவைப் பாருங்கள். பூட்டு ஆயிரம் ரூபாய்க்கு வாங்கியிருப்பீர்கள். நாதாங்கியை மரத்தோடு பிடித்துக்கொண்டிருப்பவை அரை அங்குல ஸ்குரூ நாலாக இருக்கும். அதிலும் ஒன்று துருப்பிடித்து ஆடிக்கொண்டிருக்கும். ஆசாரியை ஒரு நாள் வரச்சொல்லி, கதவை ஊடுருவி உட்பக்கம் நட்டு போட்டு முடுக்குகிற போல்ட்டாக மாற்றிவிடுங்கள். தாழ்ப்பாள் நுழைகிற இடத்தில் நிலைச்சட்டத்தில் இரும்புத் தகடு ஒன்று அடித்துக்கொள்ளுங்கள். புதுப் பூட்டு வாங்குவதைவிட இதற்குச் செலவு குறைவு, பலன் அதிகம். மரத்துக்குள் பதிந்திருக்கும் பூட்டாக இருந்தால் இன்னும் நல்லது. வெளியே தொங்காது, ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது தெருவுக்குத் தெரியாது.

முன்கதவைத் தேக்கில் இழைத்துவிட்டுக் கொல்லைக் கதவுக்குத் தகரம் அடிக்கிற வழக்கம் நமக்குண்டு. மொட்டைமாடிக் கதவுக்கு ஒற்றைத் தாழ்ப்பாள் போட்டு நிறுத்திவிடுகிறோம். பின்பக்கச் சுவரில் சாத்திவைத்த ஏணியை உள்ளே எடுத்து வையுங்கள். சாவியைப் பூந்தொட்டிக்கு அடியிலும் மீட்டர் பெட்டியின் மேலும் ஷூவுக்குள்ளும் வைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். இந்த மூன்று இடங்களையும் நம்மைவிடத் திருடர்கள் நன்றாக அறிவார்கள். மாற்றுச் சாவி நம்பிக்கையான ஒரு மனிதரிடம் இருக்கட்டும்.

கேமராவை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சென்னைக் காவல்துறை சில ஆண்டுகளுக்கு முன் ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் தெருத்தெருவாகக் கேமரா வைக்கச் சொன்னது பல வழக்குகளில் துப்புத் துலக்க உதவியது. ஆனால் கேமரா நடந்ததைக் காட்டும். நடக்காமல் தடுப்பது பாதி சமயம்தான். பதிவு சேரும் டிவிஆர் பெட்டியை டிவிக்குப் பக்கத்திலேயே வைத்தால், வந்தவன் போகும்போது அதையும் கையோடு தூக்கிக்கொண்டு போவான். அதை லாஃப்டில், பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் வையுங்கள். கேமராவில் தேதியும் நேரமும் சரியாக ஓடுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். நேரம் தப்பாக இருந்தால் விசாரிக்கும் போலீசாருக்கு வீண் அலைச்சல்.

நகையைப் பற்றி அக்கா தங்கைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பீரோ சாவியைப் பீரோவின் மேலேயோ புடவை மடிப்பிலோ வைக்காதீர்கள். அரிசிப் பானையும் சாமி அறையும் ரகசிய இடங்களாக இருந்த காலம் போய்விட்டது. உடுத்துவதற்கு வேண்டியது போக மிச்சத்தை வங்கி லாக்கரில் வையுங்கள். அங்கேயும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கர் பொருளுக்கு இழப்பு வந்தால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான். ஆண்டுக்கு 3,000 ரூபாய் வாடகை கட்டுகிறவருக்கு அது 3 லட்சம். அதற்கு மேல் மதிப்புள்ளதை வைத்திருப்பவர்கள் காப்பீடு பற்றி யோசிப்பது நல்லது. ஒவ்வொரு நகையையும் போட்டோ எடுத்து வையுங்கள். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகைகளில் ஆறு எழுத்து, எண்கள் கொண்ட ஹெச்யூஐடி குறியீடு கட்டாயம். அந்தக் குறியீட்டைக் குறித்து வைத்திருந்தால், மீட்ட நகைக் குவியலில் இது எங்கள் நகை என்று காட்டுவது சுலபம்.

ஊருக்குப் போகுமுன் உங்கள் பகுதிக் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போகலாம். பலருக்கு இது கூச்சமாக இருக்கிறது. “நம்ம வீட்டுக்கெல்லாம் வருவாங்களா?” என்று நினைக்கிறார்கள். பூட்டியிருக்கும் வீட்டு விவரத்தைத் தெரிவிக்கும்படி போலீசாரே ஒவ்வொரு விடுமுறைக்கும் கேட்டுக்கொள்கிறார்கள். விலாசம், எத்தனை நாள், உங்கள் செல் எண், சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். இரவு ரோந்து வரும் காவலருக்கு அந்தத் தெருவில் எந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

கிளம்பும்போது காஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் கை முதலில் சுவிட்சுக்குப் போகும், போகவிடாதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. மூடிய வீட்டில் கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். சுவிட்சில் எழும் சின்னப் பொறி போதும் பற்றிக்கொள்ள. வாசலில் நின்றே மோந்து பாருங்கள். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். அது காஸ் கசிவுக்கென்றே உள்ள எண்.

இனி தெருவுக்கு வருவோம். காலை நடைக்குப் போகும்போதும் கோயிலுக்குப் போகும்போதும் எதிரே வண்டி வருவது தெரிகிற பக்கமாக, சாலையின் ஓரமாக நடங்கள். பின்னாலிருந்து பைக் ஒட்டி வரும் வாய்ப்பு குறையும். விலாசம் கேட்டு வண்டியை நிறுத்துகிறவருக்கு இரண்டடி தள்ளி நின்றே பதில் சொல்லலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அப்படியும் எவனாவது சங்கிலியில் கைவைத்து இழுத்தால் விட்டுவிடுங்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தாலிக்கொடியை விடாமல் பிடித்துக்கொண்டு பைக்கோடு தரையில் இழுபட்ட பெண்களைப் பற்றி எத்தனையோ செய்திகள் படித்திருக்கிறோம். தங்கத்தை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு தனிக் குற்றமாகவே வரையறுக்கப்பட்டிருக்கிறது. புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

நகைக்கு பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்று வீடு தேடி வருகிறவர்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் யாராவது ஏமாந்துகொண்டுதான் இருக்கிறார்கள். முதலில் வெள்ளிக் கொலுசை வாங்கிப் பளபளவென்று ஆக்கித் தருவார்கள். நம்பிக்கை வந்ததும் வளையலைக் கேட்பார்கள். அதை முக்கி எடுக்கும் திரவத்தில் தங்கத்தையே கரைக்கும் ராஜதிராவகம் கலந்திருக்கும். உப்பு அமிலமும் நைட்ரிக் அமிலமும் சேர்ந்த கலவை அது. வளையல் மினுமினுப்பாகத் திரும்பி வரும், எடை குறைந்து. கரைந்த தங்கத்தை அவர்கள் பிறகு பிரித்து எடுத்துக்கொள்வார்கள். “முன்னாடி தெருவுல கொள்ளை நடந்திருக்கு, நகையைக் கழட்டிப் பேப்பர்ல மடிச்சு வையுங்கம்மா” என்று போலீஸ் போலப் பேசுவதும் இதே வகை. மடித்துக் கொடுத்த பொட்டலத்தை வீட்டில் பிரித்தால் உள்ளே கல் இருக்கும். எந்தக் காவலரும் நடுத்தெருவில் நகையைக் கழற்றச் சொல்லமாட்டார். இப்படிக் கேட்கிறவர்கள் எல்லாரும் ஆள் தனியாக இருக்கும் நேரம் பார்த்தே வருகிறார்கள், அவசரப்படுத்துகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். “இருங்க, பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிடறேன்” என்று உரக்கச் சொன்னாலே பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள்.

இதே தந்திரம் இப்போது போன் வழியாக வருகிறது. இன்று இந்தப் பக்கத்தை எழுத என்னைத் தூண்டியதும் அதுதான். “உங்கள் பெயருக்கு வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது. உங்கள் ஆதாரில் வங்கிக் கணக்கு தொடங்கிக் கறுப்புப் பணம் மாற்றியிருக்கிறார்கள்” என்று ஆரம்பிக்கும். வீடியோ அழைப்பில் சீருடை அணிந்த ஒருவர் வருவார். பின்னால் காவல் நிலையம் போன்ற அறை இருக்கும். ‘டிஜிட்டல் கைது’ என்பார். கேமராவை அணைக்கக் கூடாது, அறையை விட்டுப் போகக் கூடாது, மகனிடமோ மனைவியிடமோ சொன்னால் அவர்களும் கைதாவார்கள் என்பார். பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர்கள், நன்றாகப் படித்தவர்கள்கூட நாள் கணக்கில் அறைக்குள் உட்கார்ந்து, வாழ்நாள் சேமிப்பை அவர்கள் சொன்ன கணக்குக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஹரியானா மாநிலம் அம்பாலாவைச் சேர்ந்த மூத்த தம்பதிக்கு உச்ச நீதிமன்ற உத்தரவு போலவே போலியாகத் தயாரித்துக் காட்டிப் பணம் பறித்தார்கள். அவர்கள் எழுதிய கடிதத்தைத்தான் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது.

நம் நாட்டுச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையவே கிடையாது. வீடியோவில் யாரையும் கைது செய்ய முடியாது. விசாரணைக்கு என்றாலும் பெண்களையும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களையும் போலீசார் அவர்கள் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் என்கிறது சட்டம். இவ்வளவையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் பரவாயில்லை. யாரிடமும் சொல்லாதே என்று ஒருவன் சொன்னால், அந்த நிமிடமே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். பிள்ளை, மருமகள், எதிர்வீட்டுக்காரர், அடுக்குமாடியின் வாட்ச்மேன், யாராக இருந்தாலும் சரி. பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் கைமாறி எடுக்கப்படுவதற்குள் தகவல் போனால் அந்தக் கணக்கை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு விடியும்வரை காத்திருப்பதில்தான் பணம் போகிறது. வீட்டிலிருக்கும் இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அப்பா ஏமாந்துவிட்டார் என்று தெரிந்தால், “இதுகூடத் தெரியாதா?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பெரியவர்கள் வாய் திறப்பதில்லை.

இரவில் வேலை முடிந்து திரும்பும் மகள்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆட்டோவில் ஏறியதும் லைவ் லொகேஷன் அனுப்புவது, தெரு முனையிலேயே சாவியைக் கையில் எடுத்துக்கொள்வது, தமிழ்நாடு காவல்துறை 2022-ல் வெளியிட்ட ‘காவல் உதவி’ செயலியைப் போனில் வைத்திருப்பது, அவசர உதவிக்கான 112, பெண்கள் உதவிக்கான 181 ஆகிய எண்களை அறிந்திருப்பது எல்லாம் நல்ல பழக்கங்கள். மகனுக்கும் இதையே சொல்லிக்கொடுங்கள். பத்திரமாக இரு என்று சொல்லத் தொடங்கி, போகவே வேண்டாம் என்று முடிக்கிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடுவோம். பயந்து வேலையை விட்ட பெண்ணை நாம் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

சின்னப் பிள்ளைகளுக்கு அப்பா அம்மா செல் எண் மனப்பாடமாகத் தெரியட்டும். போனிலேயே எல்லா எண்ணும் இருப்பதால் பெரியவர்களுக்கே இப்போது தெரிவதில்லை. “அம்மா கூட்டிட்டு வரச் சொன்னாங்க” என்று பள்ளி வாசலில் யாராவது வந்தால், வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லைக் கேட்கப் பழக்குங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு 14567. அவர்கள் வீட்டுக் கதவில் பார்வைத்துளையும் உட்பக்கச் சங்கிலியும் பொருத்தித் தருவதோடு, காலையில் ஒரு போன் என்று யாராவது ஒருவர் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனதும் முதலில் வேலை செய்யும் அம்மாவைப் பார்ப்பது, தெருவில் புதிதாகத் தெரிகிற வடமாநிலத் தொழிலாளியைப் பார்ப்பது, இதுவா பாதுகாப்பு? நான் ஒப்பமாட்டேன். பல வீடுகளில் ஆள் இல்லாத நேரத்தில் வாசலைப் பார்த்துக்கொள்வதே அந்த அம்மாதான். அவரையும் ‘சொல்லிவிட்டுப் போகிற’ ஆட்களில் ஒருவராக வைத்துக்கொள்ளுங்கள். அவர் செல் எண் உங்களிடமும் உங்கள் எண் அவரிடமும் இருக்கட்டும்.

எல்லாம் செய்தும் சில சமயம் திருட்டு நடந்துவிடுகிறது. ஊரிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது என்றால், உள்ளே போகாதீர்கள். திருடன் இன்னும் உள்ளே இருக்கலாம். வெளியே நின்று 100 அல்லது 112-க்குச் சொல்லுங்கள். வாரி இறைத்துக் கிடக்கும் துணிகளை மடித்து வைக்கவோ, பீரோக் கதவைத் தொடவோ வேண்டாம், கைரேகை அழிந்துவிடும். புகாரை எழுத்தில் கொடுத்து அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். வழக்குப் பதிவானதும் எஃப்ஐஆர் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எந்த ஊர்க் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். எல்லை காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது.

அப்படித் திருட்டுக் கொடுத்த ஒரு குடும்பம் உங்கள் தெருவில் இருந்தால், எவ்வளவு போச்சு என்று கேட்கப் போகாதீர்கள். யார் சரியாகப் பூட்டவில்லை என்ற விசாரணையும் வேண்டாம். அதை அவர்கள் தங்களுக்குள் நூறு முறை கேட்டுக்கொண்டிருப்பார்கள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள். கதவு சரியாகும்வரை அந்த வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தூக்கம் பிடிக்காது. அன்று இரவு உங்கள் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் பாயும் தலையணையும் எடுத்துக்கொண்டு போய் அங்கே துணைக்குப் படுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் ஆசாரியைக் கூட்டி வருவதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்